கொழும்பு பஸ்ஸில் முன் ஆசனம்

மாப்பிள்ளையூரணியிலிருந்து கொழும்பு சென்றிருந்த நாம், புறக்கோட்டையில் பஸ் ஏறினோம். ஊர் புதிதாகையால், இறங்குமிடம் தவறாதிருக்க, காலியாயிருந்த முன் ஆசனத்தில் உட்கார்ந்தோம். கண்டக்டர் மேலேயிருந்த எழுத்தைக் காட்டினார். அது மதகுருமார்களுக்கென்று ஒதுக்கப்பட்டதாம். எழுந்து நின்றோம்.

சற்று நேரத்தில் கைக்குழந்தையோடு ஒரு அம்மையார் ஏறினார். அந்த ஆசனத்தைப் பார்த்தார், உட்காரத் துணியவில்லை. பின்னர் ஏறிய ஒரு வாலிபப் பிக்கு நேரே போய் அதில் அமர்ந்தார். அம்மையார் பணிவோடு ஒதுங்கி வழிவிட்டார்.

நாம் அந்தப் பிக்குவைக் குறை கூறவில்லை. கர்ப்பிணிக்கும், அங்கவீனருக்கும், கிழவருக்கும் இடம் ஒதுக்குவது நியாயமே. அதற்குக் காரணம் அவர்களது உடம்பில் இருக்கின்றது. உடைக்காக ஒதுக்குவதற்கு என்ன காரணம்? சகலத்தையும் துறந்தவர் ஓர் ஆசனத்தைத் துறக்கலாகாதா?

இதைக் கேட்டு நம் நாட்டார் சிரிக்க வேண்டாம். பஞ்சமர்களை ஏற்றமாட்டோமென்று பஸ் முதலாளிகள் சொன்ன நாடல்லவா இது? 1929ம் வருஷம் செங்கற்பட்டு சுயமரியாதை மகாநாட்டுக்குத் தலைமை வகித்த தோழர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராயிருந்தபோது, அப்படி மறுத்தால் லைசென்சு போகுமென்று உத்தரவிட்டார். கதவைத் திறந்தது அந்த உத்தரவேயன்றி எந்தச் சாஸ்திரமுமல்ல.

பலகையிலுள்ள எழுத்தை ஓர் உத்தரவு அழித்துவிடும். மனத்திலுள்ள பயத்தை யார் அழிப்பது? அந்த அம்மையாருக்காக அன்று பஸ்ஸில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இவ்வளவு பேசுகின்ற நாமும் திறக்கவில்லை. அந்த வெட்கமே இதை எழுதச் செய்தது.