தீயைக் கண்ட குரு



1666ஆம் ஆண்டு செப்டம்பரில் இலண்டன் மாநகர் நான்கு நாட்கள் எரிந்தது. நேரிற்கண்ட சாமுவேல் பெப்பீசு என்னும் அரசு அலுவலர் யாவற்றையும் நாட்குறிப்பில் எழுதினார். தோட்டத்தில் குழி தோண்டித் தம் திராட்சை இரசத்தையும் பாலாடைக்கட்டியையும் புதைத்ததைக்கூட அவர் மறைக்கவில்லை! கண்டவர் பிழைத்திருந்து எழுதியதால் அந்நெருப்பு இன்றும் நம் கண்ணுக்குத் தெரிகிறது. கண்ட மாத்திரத்தில் உயிர்நீத்த சாட்சியும் ஒருவர் உண்டு. அவர் தமிழ்க் குரு.

1981 மே 31 இரவு யாழ்ப்பாணத்தில் காவல்துறையினர் தொடங்கிய வன்முறையில் கடைகள் எரிந்தன. 'ஈழநாடு' நாளிதழ் அலுவலகம் எரிந்தது. பொது நூலகமும் எரிந்தது. சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அந்நூலகக் கட்டடம் எழும்ப முன்னின்று உழைத்தவருள் ஒருவர் புனித பத்திரிசியார் கல்லூரி அதிபராயிருந்த லோங் அடிகளார். வாயிலில் வீற்றிருந்ததோ கலைமகள் சிலை. ஊரார் அனைவரும் கூடி எழுப்பிய வீடு என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

அக்கல்லூரி வளாகத்தில் வாழ்ந்தவர் தாவீது அடிகளார். பன்மொழிப் புலவர். நல்லூர் ஞானப்பிரகாசர் சுவாமிகள் தொடங்கிய தமிழ்ச் சொற்பிறப்பு ஆராய்ச்சியைத் தொடர்ந்தவர். நூலகம் எரிவதை மாடியிலிருந்து கண்டார், கண்டவர் அங்கேயே சாய்ந்தார், மீண்டும் எழவில்லை. வாழ்நாளெல்லாம் சொற்களின் வேரைத் தேடியவர், அவ்விரவைப் பற்றி ஒரு சொல்லும் எழுதிச் செல்லவில்லை.

நம் சத்தியமங்கலத்திற்கு அண்மையிலுள்ள பவானிசாகர் முகாமில் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவரை நாம் அறிவோம். பள்ளிப் பருவத்தில் அந்நூலகத்தில் அமர்ந்து படித்தவர். ஒருநாள் தாமாகவே சொன்னார்: "சுவாமி, விடிய எழும்பிப் பாத்தன். முற்றம் முழுக்கக் கரிஞ்ச கடதாசி. ஒண்டில எழுத்துக்கூடத் தெரிஞ்சுது. வாசிப்பம் எண்டு எடுத்தன். கையில பொடியாப் போச்சுது."

நூலகம் மீண்டும் எழும்பிவிட்டது. 2016இல் அப்போதைய பிரதமர் ரணில் விக்கிரமசிங்க பாராளுமன்றத்தில் மன்னிப்பும் கேட்டார். செய்தியை அப்பெரியவரிடம் கூறியபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "அந்தச் சாமியாருக்குப் பூசை ஒப்புக்குடுக்கிறீங்களோ?" என்று மட்டும் கேட்டார்.

அதுமுதல் ஆண்டுதோறும் ஜூன் முதல் வாரத்தில் தாவீது அடிகளாருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுத்து வருகிறோம். பெரியவர் முதல் பேருந்தில் வந்து, பின்வரிசையில் அமர்கிறார்.