450 வாட்ஸ்னு ஒட்டியிருந்தா ஆச்சா?

பிராசசர் எது, ராம் எவ்வளவு என்று பத்து நாள் விசாரிக்கிற நம்மாட்கள், அத்தனைக்கும் கரண்ட் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். விஷயத்தில் மட்டும் "அதான் கேபினெட்டோடயே வருதே சார்" என்கிறார்கள். பையன் படிக்க, விளையாட என்று பார்த்துப் பார்த்து வாங்குகிற கம்ப்யூட்டர். அதன் உயிர் ஓசியில் வந்த ஒரு தகர டப்பாவின் கையில்!

பேங்கில் ஒருத்தர் வருட டர்ன்ஓவர் 50 லட்சம் என்று எழுதிக் கொடுத்தால் உடனே லோன் சாங்ஷன் செய்துவிடுவோமா? கையில் என்ன நிற்கிறது, தவணை கட்ட முடியுமா என்றுதானே பார்ப்போம். அந்த டப்பா மேல் ஒட்டியிருக்கும் 450 வாட்ஸும் அப்படி ஒரு டர்ன்ஓவர்தான்.

ஸ்டிக்கரில் 12 வோல்ட் கட்டத்தைப் பாருங்கள். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் அதை நம்பித்தான் ஓடுகின்றன. அங்கே 18 ஆம்பியர் என்றிருந்தால் 12 × 18 = 216 வாட்ஸ். அவ்வளவுதான் சரக்கு. இன்டெல் ஐ5-12400 முழு வேகத்தில் 117 வாட்ஸ் வரை இழுக்கும். ஆர்.டி.எக்ஸ் 4060 கார்டு 115. இரண்டும் சேர்ந்தே 232. ஃபேன், ஹார்ட் டிஸ்க் எல்லாம் இன்னும் கணக்கிலேயே வரவில்லை! என்விடியா இந்தக் கார்டுக்கு 550 வாட்ஸ் சப்ளை போடச் சொல்வது சும்மாவா?

கேம் நடுவில் மெஷின் ரீஸ்டார்ட் ஆனால் பழி விண்டோஸ் மேல். ஃபார்மேட் செய்ய ஒரு தொகை, ராம் மாற்ற ஒரு தொகை. பாதுகாப்பு சர்க்யூட் ஒழுங்காக இல்லாத மலிவு சப்ளை போகிற போக்கில் மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகும்.

"அப்ப 1000 வாட்ஸ் வாங்கிடலாமா?" வேண்டாம் சாமி. அது தண்டச்செலவு. கிராபிக்ஸ் கார்டு இல்லாத வீட்டு மெஷினுக்கு நல்ல கம்பெனியின் 400, 450 போதும். 80 பிளஸ் முத்திரை இருந்தால் கரண்ட் வீணாவது குறையும். ஆனால் அது திறனுக்கான சான்றிதழ்தானே தவிர, தரத்துக்கு ஜாமீன் இல்லை. சொன்ன வாட்ஸ் எத்தனை டிகிரி சூட்டில் என்றும் பாருங்கள். 25 டிகிரியில் கிடைக்கும் வாட்ஸ், டெல்லி, நாக்பூர் மே மாதத்தில் கிடைக்காது. 40, 50 டிகிரி என்று போட்டிருந்தால் நல்லது.

கடையில் ஒரே கேள்வி கேளுங்கள்: "12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர்?" முழித்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். நேரு பிளேஸிலும் லேமிங்டன் ரோட்டிலும் கடைக்கா பஞ்சம்?