எட்டே எட்டு கிறிஸ்துமஸ்

அரையாண்டுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடங்களை மூடுகிற சமயத்தில்தான் நம் தமிழ்நாட்டில் கிறிஸ்துமஸ் வருகிறது. லீவும் பண்டிகையும் கைகோத்து வருவது குழந்தைகள் செய்த பாக்கியம். அந்தப் பாக்கியத்தைப் பெற்றவர்களே பிடுங்கிக்கொள்கிறார்கள் என்பதுதான் என் குற்றச்சாட்டு. பண்டிகை வீட்டுக்குப் போய், "பையன் எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். "ஹாஸ்டலில் இருக்கிறான். ஸ்பெஷல் கிளாஸ். இந்த வருஷம் வரமாட்டான்" என்று பெருமை பொங்கப் பதில் வரும். பையனுக்கு வயது பத்துதான் இருக்கும்.

பத்து வயசுப் பிள்ளைக்கு என்ன ஸ்பெஷல் கிளாஸ் என்று கேட்டால் என்னைப் படிப்புக்கு விரோதி என்கிறார்கள். நான் படிப்புக்கு விரோதியல்ல, கணக்குத் தெரிந்தவன். ஒரு மனிதனுக்கு ஞாபகம் நிலைக்க ஆரம்பிப்பது நாலு வயசு சுமாருக்கு. பன்னிரண்டு தாண்டினால் மீசை அரும்பும் யோசனை வந்துவிடும். காகித ஸ்டார் ஒட்டவும், முறுக்கு டப்பாவைத் திருட்டுத்தனமாகத் திறக்கவும் வெட்கம் வந்துவிடும். நடுவே இருப்பது எட்டு கிறிஸ்துமஸ். எட்டே எட்டு. கணக்குப் பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்க வேண்டுமென்று ஆசைப்படுகிறவர்கள் இந்த எட்டை மட்டும் எப்படி மறந்துபோகிறார்கள்?

நாமக்கல், ராசிபுரம் பக்கம் போனவர்களுக்கு நான் சொல்வது புரியும். முட்டைக்கும் லாரி கட்டுவதற்கும் பெயர்போன அந்தச் சீமை, விடுதிப் பள்ளிக்கூடங்களுக்கும் பெயர்போனது. பிளஸ் டூவில் மாநில ரேங்க் வாங்கிய பிள்ளைகளின் படங்கள் ஊர் ஊராகப் பெரிய பெரிய பலகைகளில் சிரித்த காலம் ஒன்று இருந்தது. 2017ல் அரசாங்கம் ரேங்க் பட்டியல் வெளியிடுவதையே நிறுத்திவிட்டது. பட்டியல் போயிற்று, வெறி போகவில்லை. அந்த நாற்காலியில் இப்போது நீட் பரீட்சை உட்கார்ந்திருக்கிறது. அரையாண்டு லீவில் வகுப்பு நடத்தக் கூடாது என்று கல்வித் துறை உத்தரவு போடுவதும் உண்டு. "உத்தரவு கிடக்கட்டும், எங்கள் பிள்ளைக்கு மட்டும் நடத்துங்கள்" என்று மன்றாடுகிற தகப்பனார்களை நானே பார்த்திருக்கிறேன்.

அந்தச் சீமையில் நின்று தலையைத் தூக்கினால் கொல்லிமலை தெரியும். எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போனால் வாழவந்தி நாடு. பிள்ளைகளின் எதிர்காலத்துக்காக அவர்களை வீட்டை விட்டு அனுப்பிய ஒரு குடும்பம் அங்கே வாழ்ந்தது. நம் தகப்பனார்கள் அந்தக் கதையை ஒருமுறை கேட்க வேண்டும்.

ஜெஸ்ஸி பிராண்ட், அவர் மனைவி ஈவ்லின். இங்கிலாந்திலிருந்து வந்த பாதிரிக் குடும்பம். ரோடு இல்லாத காலம். காய்ச்சலுக்குப் பயந்து கீழ்நாட்டார் மலை ஏறவே அஞ்சிய காலம். அவர்கள் அங்கே மலையாளி ஜனங்களுக்கு வைத்தியம் பார்த்தார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள், தச்சு வேலை கற்றுக்கொடுத்தார்கள். 1914 ஜூலையில் அவர்களுக்குப் பால் என்ற பையன் பிறந்தான். பிறகு கோனி என்ற பெண். பையன் மரத்தின் மேல் உட்கார்ந்து பாடம் எழுதினான். கரையான் புற்றைக் காட்டித் தகப்பனார் அவனுக்கு இயற்கையைப் போதித்தார். அவனுக்கு வீடு என்றால் அந்த மலைதான்.

ஆனால் அந்தக் கால வெள்ளைக்காரர்களுடைய அகராதியில் 'ஹோம்' என்ற சொல்லுக்கு இங்கிலாந்து என்று ஒரே அர்த்தம். பிள்ளைகள் படிக்கும் வயசு வந்தால் ஹோமுக்கு அனுப்ப வேண்டும் என்பது சம்பிரதாயம். 1923ல் பாலையும் கோனியையும் லண்டனில் தாயாரின் சகோதரிகள் வீட்டில் விட்டார்கள். பையனுக்கு ஒன்பது வயசு. பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள். அதற்குப் பிறகு வந்த கிறிஸ்துமஸ்களில் தகப்பனாரிடமிருந்து கடிதம் வரலாம். தகப்பனார் வர முடியாது. 1929 ஜூனில் மலைக்காய்ச்சலின் கொடிய வகை ஒன்று ஜெஸ்ஸியைக் கொண்டுபோயிற்று. லண்டனுக்குத் தந்தி பறந்தது. தந்தி வந்த பிறகு, கப்பல் தபாலில், இறந்துபோன தகப்பனார் உயிரோடிருந்தபோது மகனுக்கு எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. பதினைந்து வயசு நிரம்பாத பிள்ளை அதைப் பிரித்துப் படித்தான். கதை எழுதுகிறவன் நான். இப்படியொரு கட்டத்தைக் கற்பனை செய்து எழுத எனக்குத் துணிச்சல் வராது.

"அந்தப் பையன்தானே பிற்காலத்தில் டாக்டர் பால் பிராண்ட் ஆனார்? 1946ல் வேலூருக்கு வந்து, குஷ்டரோகத்தால் மடங்கிப்போன விரல்களைச் சத்திரசிகிச்சையால் நிமிர்த்தி உலகப் புகழ் பெற்றவர் அல்லவா? பிரிந்திருந்ததால்தானே உயர்ந்தார்?" என்று என் நண்பர்கள் மடக்குகிறார்கள்.

மடக்கட்டும். எந்தப் படிப்புக்காகப் பெற்றோரையும் மலையையும் பிரிந்தாரோ, அந்தப் பள்ளிப் படிப்பைப் பதினாறாவது வயசிலேயே விட்டுவிட்டுக் கட்டட வேலை கற்கப் போனார் அவர். வைத்தியம் படித்ததெல்லாம் பிறகு. குஷ்டரோகிகளை அவர் முதன்முதலில் பார்த்தது எங்கே? கொல்லிமலையில், தம் வீட்டில். மூன்று பேர் வந்தார்கள். எந்த நோயாளிக்கும் கையுறை போடாத தகப்பனார் அன்று கையுறை போட்டுக்கொண்டு அவர்களுடைய புண்களைக் கழுவிக் கட்டினார். குழந்தைகள் எட்ட நின்று பார்த்தார்கள். விதை விழுந்த இடம் பெற்றவர்களின் வீடு. லண்டன் அந்த விதையின் மேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்தது. கல்லையும் மீறி அது முளைத்தது. முளைத்ததற்காகக் கல்லுக்கு மாலை போடச் சொல்கிறீர்களா? அப்படி முளைக்காமல் போன விதைகளின் கதையை யார் எழுதினார்கள்?

பம்பாயில் பிறந்த கிப்ளிங்கின் கதையும் இதே ஜாதிதான். 1871ல், ஆறு வயசு நிரம்புமுன், தங்கையோடு அவரை இங்கிலாந்தில் முன்பின் அறியாதவர்கள் வீட்டில் விட்டுவிட்டு, சொல்லிக்கொள்ளாமலே கிளம்பிவிட்டார்கள் பெற்றோர். அங்கே அடியும் அவமானமும் பட்ட அந்தப் பிள்ளைக்கு ஒரே ஒரு நிழல் இருந்தது. ஒவ்வொரு டிசம்பரிலும் சித்தி வீட்டில் ஒரு மாதம். அந்த மாதமே தம்மைக் காப்பாற்றியது என்று முதுமையில் அவர் எழுதினார். தமக்கென்று வீடு அமைந்தபோது, அந்தச் சித்தி வீட்டு வாசல் மணியின் இழுப்புக் கைப்பிடியைக் கேட்டு வாங்கிவந்து தம் வாசலில் மாட்டிக்கொண்டாராம், தம் வீட்டுக்கு வரும் குழந்தைகளும் அதை இழுத்துச் சந்தோஷப்படட்டும் என்று. பதினோரு மாத நரகத்தை ஒரு கிறிஸ்துமஸ் மாதம் தாங்கிப் பிடித்திருக்கிறது. நம் ஊரில் பதினோரு மாதமும் ஹாஸ்டலில் விட்டுவிட்டு அந்தப் பன்னிரண்டாவது மாதத்தையும் பிடுங்கிக்கொள்கிறோமே, இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கொல்லிமலையில் அரசாங்க உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிக்கும் மலைஜாதிக் குழந்தைகளின் பெற்றோரை நான் குறை சொல்லவில்லை. நடந்துபோகிற தூரத்தில் பள்ளிக்கூடம் இல்லாதவனுக்கு விடுதி ஒரு தெய்வம். நான் வழக்காடுவது, வீட்டுக்கு அடுத்த தெருவிலேயே நல்ல பள்ளிக்கூடத்தை வைத்துக்கொண்டு, நூறு மைலுக்கு அப்பால் பிள்ளையை அடகு வைக்கிற மத்தியதர வர்க்கத்தோடு, அதாவது நம்மோடு.

பண்டிகை என்பது இருபத்தைந்தாம் தேதி மட்டுமல்ல. அதிரசமாவு புளிப்பதற்கு முன் விரலைவிட்டு நக்கியதற்காக அம்மாவிடம் வாங்குகிற குட்டு. ஸ்டாருக்குள் பல்பு மாட்டும்போது அப்பாவுக்கு ஸ்டூல் பிடிப்பது. குடிலில் ஆட்டுக்குட்டியை எங்கே வைப்பதென்று தங்கையோடு சண்டை. நடுராத்திரி ஆராதனையில் அம்மா மடியில் தூங்கிப்போவது. இவற்றை ஹாஸ்டலுக்குப் பார்சல் கட்டி அனுப்ப முடியாது. அனுப்புவதெல்லாம் கேக்கும் புதுச் சட்டையும்தான்.

இந்த டிசம்பரில் ஸ்பெஷல் கிளாசுக்குக் கட்டிய பணம் போனால் போகட்டும். பஸ் ஏறிப் போய்ப் பிள்ளையை அழைத்துவாருங்கள். தவறிய பாடத்தை ஜனவரியில் படிக்கலாம். தவறிய ஒன்பதாம் வயசை எந்த டியூட்டோரியலில் சேர்த்துப் படிக்கவைப்பீர்கள்?