கிரகப்பிரவேசத்துக்கு மறுநாள் கையில் என்ன மிச்சம்?

"எனக்கு எவ்வளவு லோன் கிடைக்கும் மேடம்?"

வீட்டுக்கடன் கேட்டு வருகிற யாரும் முதலில் கேட்பது இதைத்தான். தாம்பரம் வட்டாரத்தில் ஒரு பொதுத்துறை வங்கிக் கிளையில் வீட்டுக்கடன் மேசையில் பல ஆண்டுகள் இருந்தவள் நான். ஓய்வுபெற்ற பிறகும் உறவிலும் தெருவிலும் இதே கேள்வியோடு வருகிறார்கள். அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது: கிரகப்பிரவேசம் முடிந்த மறுநாள் உங்கள் கையில் எவ்வளவு ரொக்கம் இருக்கும்? முதல் வீடு வாங்குகிற குடும்பம் அங்கிருந்துதான் கணக்கைத் தொடங்க வேண்டும். பெரும்பாலானோருக்கு இதற்குப் பதில் தெரிவதில்லை. தெரியாமலேயே அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள்.

எங்கள் கிளையில் என் மேசைக்கு நேர் எதிரே நகைக்கடன் கவுண்டர். பத்திரம் பதிந்து ஆறேழு மாதம்கூட ஆகியிருக்காது. என்னிடம் கையெழுத்துப் போட்டுவிட்டு இனிப்பு கொடுத்துப் போன பெண் அந்தக் கவுண்டர் முன்னால் நிற்பார். கைப்பைக்குள் ஒரு சுருக்குப்பை, அதற்குள் கைக்குட்டையில் சுற்றிய வளையல்கள். மதிப்பீட்டாளர் ஒவ்வொன்றாக உரைகல்லில் உரசி, ஒரு சொட்டு ஆசிட் விட்டு, தராசில் வைத்து எடை எழுதும்வரை அவர் என் பக்கம் திரும்பமாட்டார். பிறகு, "பையனுக்கு ஸ்கூல் ஃபீஸ் மேடம், அதான்" என்பார். ஃபீஸ் ஒவ்வொரு ஜூனிலும் வருவதுதான். போன ஆண்டு வரை சம்பளத்திலிருந்தே கட்டியவர். இந்த ஆண்டு வீடு இருக்கிறது, கையில் காசு இல்லை. ஒரு பெண், இரண்டு பெண் அல்ல. இப்படி நிறையப் பேரைப் பார்த்துவிட்டேன். அவர்கள் யாரும் ஊதாரிகள் இல்லை. தேவைப்படும் மொத்தத் தொகையை ஒரே தாளில் எழுதிக் காட்ட யாரும் இல்லாததால் மாட்டிக்கொண்டவர்கள்.

அந்தத் தாளை இங்கே எழுதிப் பார்ப்போம். 50 லட்சம் ரூபாய்க்கு ஒரு பழைய ஃபிளாட், இரண்டு படுக்கையறை. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான வீட்டுக்கடனுக்கு மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம். 30 முதல் 75 லட்சம் வரை என்றால் 80 சதவீதம். அதற்கு மேல் 75 சதவீதம். ஆகவே இந்த வீட்டுக்கு அதிகபட்சம் 40 லட்சம். மீதி 10 லட்சம் நம்முடையது. 'கையில் பத்து இருந்தால் போதும்' என்று இங்கேயே கணக்கை முடித்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

பத்திரச் செலவு அந்த 50 லட்சத்துக்குள் வராது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக நான்கரை லட்சம். சிறிய மதிப்புள்ள வீடுகளைத் தவிர மற்றவற்றுக்கு இந்தச் செலவை வீட்டு மதிப்பில் சேர்த்துக் கடன் தர வங்கிக்கு அனுமதியும் கிடையாது. புரோக்கர் கமிஷன் 1 சதவீதம் என்றால் அரை லட்சம். வங்கியின் பிராசஸிங் கட்டணம், வக்கீலின் லீகல் ஒப்பீனியன், வேல்யுவேஷன், அடமான ஆவணப் பதிவு எல்லாம் சேர்த்து இன்னொரு அரை லட்சம் வைத்துக்கொள்ளுங்கள். பழைய வீடு என்பதால் பெயின்ட், பிளம்பிங், சமையலறை, அலமாரி மரவேலை என்று மூன்று லட்சம் பறக்கும். வீடு மாற்றும் லாரி, கிரகப்பிரவேசச் சாப்பாடு, சொந்தக்காரர்களுக்கு வேட்டி சேலை தனி. கூட்டிப் பாருங்கள், 19 லட்சத்தைத் தாண்டும். அதற்குப் பிறகும் ஆறு மாத இ.எம்.ஐ.யும் ஆறு மாதக் குடும்பச் செலவும் வங்கியில் கிடக்க வேண்டும் என்பேன். அது ஒரு நான்கு லட்சம். 50 லட்ச ரூபாய் வீட்டுக்குக் கையில் 23 லட்சம் வேண்டும்.

பத்து மட்டும் வைத்திருப்பவர் மிச்சத்துக்கு என்ன செய்வார்? பர்சனல் லோன், நகைக்கடன், சீட்டைத் தள்ளி எடுப்பது, அப்பாவின் ஓய்வூதியப் பணம். இந்தச் சில்லறைக் கடன்களின் தவணைதான் குடும்பத்தை முதல் இரண்டு ஆண்டில் மூச்சுமுட்ட வைக்கிறது. வீட்டுக்கடன் பெரிது, ஆனாலும் வட்டி குறைவு, காலம் நீளம். பர்சனல் லோனுக்கு வட்டி அதைவிட மிக அதிகம். மூன்று, நான்கு ஆண்டில் அடைக்கவும் வேண்டும். இரண்டு தவணையும் ஒரே சம்பளத்திலிருந்து போகும்.

இங்கே அரசைப் பார்த்தும் ஒன்று சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் முதல், புதிதாகக் கட்டி முதன்முறை விற்கும் அடுக்குமாடி வீடுகளுக்கு 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4 சதவீதம், அதற்கு மேல் மூன்று கோடி வரை 5 சதவீதம் என்று வைத்திருக்கிறார்கள். 2025 ஏப்ரல் முதல், பெண்கள் பெயரில் பதியும் 10 லட்சம் வரையிலான சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை. இரண்டும் நல்லவை. ஆனால் பில்டரிடம் புதுவீடு வாங்க வசதியில்லாமல் இருபது வயதுப் பழைய ஃபிளாட்டை வாங்குகிறவரிடம் முழுதாக 9 சதவீதம் வாங்குவது எந்த நியாயம்? சென்னையைச் சுற்றி 10 லட்சத்துக்கு வீடு கிடையாது. நாட்டில் வேறெங்கும் வீடில்லாதவர் வாங்கும் முதல் வீட்டுக்கு, 50 லட்சம் வரை, பழையதோ புதியதோ, தீர்வையைப் பாதியாகக் குறைக்க வேண்டும். நகைக்கடன் கவுண்டருக்குப் போகும் தொகையில் ஒரு பகுதி அதிலேயே மிச்சமாகும்.

செலவைக் குறைக்க ஒரு குறுக்கு வழியை விற்பவரே சொல்லித் தருவார்: பத்திரத்தில் குறைத்துக் காட்டிவிட்டு மீதியை ரொக்கமாகக் கொடுங்கள் என்று. செய்யாதீர்கள். பத்திர மதிப்பு குறைந்தால் கடனும் குறையும், அந்த இடைவெளிக்கு இன்னும் ரொக்கம் தேடி ஓடுவீர்கள். நாளைக்கு நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை குறைவாகத் தெரிவதால் லாபம் பெரிதாகக் காட்டும், வரி உங்கள் தலையில். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் 1 சதவீதம் பிடித்து வருமான வரிக் கணக்கில் கட்ட வேண்டியதும் வாங்குகிறவர் பொறுப்பு. இதை மறந்துவிட்டு நோட்டீஸ் வந்த பிறகு ஓடி வருகிறவர்கள் உண்டு.

அடுத்தது இ.எம்.ஐ. 40 லட்சம், எட்டரை சதவீதம், இருபது ஆண்டு என்றால் மாதம் சுமார் 34,700. முதல் மாதத் தவணையில் வட்டிக்கு 28,333 போகும்; அசலில் கழிவது ஆறாயிரத்துச் சொச்சம்தான். கைக்கு 70,000 சம்பளம் வருகிறவருக்குச் சம்பளத்தில் பாதி தவணைக்குப் போகட்டும் என்று வங்கி இந்தக் கடனைத் தரும். நான் தர வேண்டிய இடத்தில் இருந்தபோதும் விதிப்படி தந்திருக்கிறேன். என் சொந்தத் தம்பியாக இருந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாதே என்பேன். அப்படிப் பார்த்தால் இந்தக் கடனுக்கு ஒரு லட்சத்து நாலாயிரம் கைக்கு வர வேண்டும். வங்கி தன் கடன் திரும்பி வருமா என்று பார்க்கிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், தங்கைக்குச் சீமந்தம், ஆறு மாதம் வேலையில்லாமல் போவது, இதையெல்லாம் அதன் கணக்கில் எழுத இடமில்லை. நாம்தான் எழுத வேண்டும்.

வட்டி மாறும் என்பதை எல்லோரும் தலையாட்டிக் கேட்பார்கள், கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு. 2021 கடைசியில் 6.75 சதவீதத்துக்கு 30 லட்சம் வாங்கியவருக்கு இருபது ஆண்டுக்கு இ.எம்.ஐ. சுமார் 22,800. ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 2022 மே மாதத்தில் ஏறத் தொடங்கி, 2023 பிப்ரவரிக்குள் 4 சதவீதத்திலிருந்து ஆறரைக்குப் போனது. அவர் வட்டி 9.25 ஆகிவிட்டது. பாக்கி 29 லட்சத்து 40 ஆயிரம் என்றால் ஒரு மாத வட்டி மட்டும் 22,662. கட்டுகிற தவணையில் நூற்றைம்பது ரூபாய்கூட அசலுக்குப் போகவில்லை. தவணைத் தொகை மாறாததால் பலருக்கு இது தெரியவே இல்லை. காலம் மட்டும் அறுபது வயதையும் தாண்டி நீண்டுகொண்டிருந்தது. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தலையிட்டு, வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன்தாரரைக் கேட்க வேண்டும் என்று உத்தரவிட்டது. கேட்டு ஒரு எஸ்.எம்.எஸ். வரும். அதைப் படிக்காமல் விடாதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை கிளைக்குப் போய், "இன்னும் எத்தனை மாதம் பாக்கி?" என்று கேட்டு ஸ்டேட்மென்ட் வாங்குங்கள்.

மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைத்தால் தனிநபர்களுக்கு அபராதம் கிடையாது. ஆண்டுக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்டினால், எட்டரை சதவீதத்தில் இருபது ஆண்டுக் கடன் பதினாறரை ஆண்டில் முடிந்துவிடும். போனஸில் புதுப் போன் வாங்குவதைவிட இதில் எனக்கு மகிழ்ச்சி அதிகம். கடன் முடிந்தால் 30 நாளுக்குள் வங்கி மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. கேட்டு வாங்குங்கள்.

கடன் கொடுக்கும்போதே ஒரு காப்பீட்டுத் தாளும் நீட்டப்படும். ஒரே தவணை பிரீமியம், அதையும் கடனோடு சேர்த்துவிடுவார்கள், இருபது ஆண்டுக்கு அதற்கும் வட்டி. அது கட்டாயமில்லை. காப்பீடு அவசியம், அதில் சந்தேகமில்லை. சம்பாதிப்பவர் இல்லாமல் போனால் வீட்டைக் காப்பாற்ற அதுதான் கைகொடுக்கும். அதைத் தனியாக டெர்ம் பாலிசியாக எடுங்கள், மலிவு, கடனை வேறு வங்கிக்கு மாற்றினாலும் கூடவே வரும்.

வரி மிச்சமாகும் என்று நம்பி வாங்குகிறவர்களுக்கு ஒரு வரி. குடியிருக்கும் வீட்டின் வட்டிக்கு இரண்டு லட்சம் வரை கழிவு பழைய வரி முறையில்தான். புதிய முறையில் இருப்பவர்களுக்கு அது இல்லை.

பத்திரம் பார்ப்பது பற்றி வக்கீல்கள் நிறைய எழுதிவிட்டார்கள். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே பார்த்துவிடலாம். விற்பவருக்கு அது பூர்வீகச் சொத்து என்றால் அவருடைய சகோதரிகள் கையெழுத்து இருக்கிறதா என்று கேளுங்கள். 1989-லேயே தமிழ்நாடு பெண்களுக்குச் சமபங்கு கொடுத்துச் சட்டம் செய்தாயிற்று. புதுக் கட்டடம் என்றால் ரெரா பதிவு எண் வேண்டும், எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாமல் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் கேட்க பில்டருக்கு உரிமையில்லை.

வங்கி வக்கீலும் வேல்யூவரும் சொல்லாத ஒன்று உண்டு. அது தண்ணீர். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, வேளச்சேரி, பெரும்பாக்கம் பக்கமெல்லாம் மறுபடி தண்ணீர். பத்திரம் சுத்தமாக இருந்தும் தரைத்தளத்தில் ஃபிரிட்ஜ், மோட்டார், மரவேலை எல்லாம் போனவர்கள் என் வாடிக்கையாளர்களிலேயே இருக்கிறார்கள், தவணை மட்டும் நிற்கவில்லை. ஏப்ரல் வெயிலில் வீடு பார்க்காதீர்கள். பார்த்தாலும், எதிர்வீட்டுக்காரரிடமும் மூலைக்கடைக்காரரிடமும் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். புரோக்கர் இல்லாத நேரத்தில் போய்க் கேளுங்கள்.

"மாசாமாசம் வாடகை தண்டம், விலை ஏறிப்போயிடும்" என்று வீட்டுப் பெரியவர்கள் அவசரப்படுத்துவார்கள். அவர்கள் கவலையை நான் மதிக்கிறேன். வாடகை வீட்டில் ஆணி அடிக்கவும் அனுமதி கேட்டு வாழ்ந்த தலைமுறை அது. இருந்தாலும் 23 லட்சம் சேராதவர்களுக்கு நான் சொல்லும் வழி ஒத்திகை. இப்போது வாடகை 15,000, வரப்போகும் இ.எம்.ஐ. 34,700. வித்தியாசம் 19,700 ரூபாயை அடுத்த மாதச் சம்பளம் வந்த அன்றே ரெக்கரிங் டெபாசிட்டில் போடுங்கள். இரண்டு ஆண்டில் வட்டியோடு ஐந்து லட்சத்தைத் தொடும், பத்திரச் செலவு அதிலேயே வந்துவிடும். தீபாவளி மாதத்திலும் ஜூன் மாதத்திலும் அதைக் கட்ட முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அந்தக் கடன் உங்களுக்குப் பெரிது. இதைச் செய்து பார்த்த ஒரு தம்பதி, 40 லட்சம் கேட்டு வந்தவர்கள், ஒன்றரை ஆண்டு கழித்து வந்து 28 லட்சத்துக்கு மனு எழுதிக் கொடுத்தார்கள். தாம்பரத்தை விட்டு ஊரப்பாக்கத்தில் சின்ன வீடாகப் பார்த்திருந்தார்கள். அவர்களுடைய நகைக்கு எங்கள் கிளையில் எடை எழுதும்படி ஆகவில்லை.