ஸ்விட்சு யார் சொற்கேட்டல் வேண்டும்?

இக்காலத்துப் புதுவீடு கட்டுவோரும் பழைய வீட்டைப் புதுப்பிப்போருமாகிய நம் நண்பர் பலர், சுவரிலுள்ள சாதாரண ஸ்விட்சையும் சாக்கெட்டையும் நீக்கிவிட்டு, கைப்பேசியாலும் வாய்ச்சொல்லாலும் இயங்கும் ஸ்மார்ட் ஸ்விட்சுகளைப் பொருத்த முற்பட்டிருக்கின்றனர். இதனைக் குறைகூற நாம் புகுந்தோமல்லோம். படுக்கையினின்று எளிதில் எழமாட்டாத முதியவரொருவர், பிறர் உறக்கத்தைக் கெடாமல் தாமே விளக்கேற்றிக்கொள்ளக் கூடுமாயின் அது சிறு நன்மையன்று. ஆயினும் கடைக்குச் செல்வோர் விலையையும் நிறத்தையும் கண்ணாடிப் பளபளப்பையும் நோக்குகின்றனரேயன்றி, முதற்கண் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்கின்றாரிலர். அஃதாவது, இந்த ஸ்விட்சு வீட்டிலுள்ளார் சொல்லைக் கேட்குமா, வெளியிலுள்ள கம்பெனியார் சொல்லைக் கேட்குமா என்பதே.

இதன் இயல்பைச் சிறிது விளக்குவோம். ஸ்மார்ட் ஸ்விட்சு என்பது, விரலால் மட்டுமன்றி ரேடியோ அலையால் வரும் கட்டளைக்கும் இணங்கித் திறந்து மூடும் ஒரு சிறு கருவியே. அக்கட்டளை எவ்வழியாக வருகின்றது என்பதிலேதான் ஒன்றற்கொன்று வேற்றுமை. குறைந்த விலைக்குக் கிடைக்கும் வைஃபை ஸ்விட்சுகளிற் பல, நம் கைப்பேசிக் கட்டளையை நேரே பெறுவதில்லை. கட்டளையானது இண்டர்நெட்டு வழியே கம்பெனியாரின் செர்வருக்குச் சென்று, அங்கே நம் கணக்குச் சரிபார்க்கப்பட்டு, மீண்டு வந்து, நமக்கு நான்கு முழத்திலுள்ள சுவரை அடைகின்றது. அடுத்த அறையிலிருக்கும் தம்பியைத் தண்ணீர் கொணரச் சொல்ல, அயல்நாட்டிலுள்ள மாமனுக்குக் கடிதமெழுதி அவர் வாயிலாகச் சொல்லுவிப்பதை இஃது ஒக்கும்! இச்சுற்றுப் பிரயாணம் பெரும்பாலும் ஒரு நொடியில் முடிந்துவிடுதலால் எவரும் அறிவதில்லை. மழைக்காலத்தில் இண்டர்நெட்டுக் கம்பி அறுந்த அன்றே அறிகின்றோம்.

அறுந்த கம்பியை மறுநாள் ஒட்டலாம். மூடிய கம்பெனியை யார் ஒட்டுவார்? இது வெறுங் கற்பனையன்று. அமெரிக்காவில் ரிவால்வ் என்னும் கம்பெனி, வீட்டுக் கருவிகளையெல்லாம் ஆளும் ஒரு பெட்டியை விற்றது. அதனை நெஸ்ட் கம்பெனியார் 2014-இல் வாங்கினர். 2016 மே மாதத்தில் அப்பெட்டியின் சேவை நிறுத்தப்பட்டது. பெட்டி பழுதுபடவில்லை, அதனோடு பேசுவார்தாம் இலராயினர். லோஸ் என்னும் பெருங்கடைக்காரரின் ஐரிஸ் ஏற்பாடும் 2019 மார்ச்சுடன் முடிவுற்றது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் கம்பெனியின் செர்வர்கள் முன்னறிவிப்பின்றியே அணைந்தன. அவ்வாண்டு ஜூன் மாதத்தில், அக்கருவிகளை உபயோகித்தவர் சிலர் ஒன்றுகூடிக் கம்பெனியையே வாங்கி மீண்டும் நடத்தலாயினர். இடைப்பட்ட வாரங்களில், வீட்டுக்குள்ளேயே ஒரு சிறு கம்ப்யூட்டரை வைத்து ஸ்விட்சுகளை நேரே ஆண்டவர்களும், சுவரிற் கைவைத்து அழுத்தியவர்களும் இருளில் இருக்கவில்லை என்பதை நேயர்கள் கருத்திற் கொள்வார்களாக. பெல்கின் கம்பெனியாரும் தம் வீமோ ஸ்விட்சுகள், பிளக்குகளிற் பெரும்பாலானவற்றுக்குரிய செர்வர் சேவை 2026 ஜனவரி 31-ஆம் தேதியோடு முடியுமென்று 2025 ஜூலையில் அறிவித்தனர். ஆப்பிளின் ஹோம்கிட் ஏற்பாட்டில் அத்தேதிக்குமுன் இணைக்கப்பட்டவை தொடர்ந்து இயங்குமென்றும் அவ்வறிவிப்பிலேயே கூறினர். ஒரே கம்பெனியின் சரக்கில், வீட்டுக்குள்ளேயே கட்டளை பெறத்தக்கது பிழைத்தது. செர்வரை நம்பியது வெறும் ஸ்விட்சாயிற்று.

பழங்காலத்தார் இவ்வகையிற் சுதந்தரராய் இருந்தனரென்றே சொல்லலாம். ஸ்காட்லாந்து தேசத்துக் கிளென்ராதிஸ் நகரில் 1975-இல் உருவான எக்ஸ்-10 என்னும் முறை, வீட்டு மின்சாரக் கம்பியின் வழியாகவே கட்டளையை அனுப்பியது. சில வேளை கட்டளை தவறிப்போம், விளைவும் மெதுவே. எனினும் அதனை நடத்த வெளியார் தயவு வேண்டியதில்லை.

நிற்க. இப்போது கிடைப்பவற்றுள் எவை வீட்டார் சொற்கேட்பன? ஸிக்பீ, இஸட்-வேவ் என்னும் இரு ரேடியோ முறைகளும் வீட்டிலுள்ள ஒரு நடுப்பெட்டியின்கீழ் இயங்குவன. அந்நடுப்பெட்டியும் செர்வரைச் சாராததாக இருத்தல் வேண்டும். அமேசான், ஆப்பிள், கூகிள் முதலிய போட்டிக் கம்பெனிகளே ஒன்றுகூடி 2019-இல் தொடங்கி, 2022 அக்டோபரில் வெளியிட்ட மேட்டர் என்னும் பொதுமுறை, வீட்டு வலைக்குள்ளேயே கட்டளை செல்லுமாறு அமைந்தது. ஒரே ஸ்விட்சு பல கம்பெனிகளின் ஏற்பாடுகளுக்கு ஒருங்கே இணங்குவது அதன் மற்றொரு சிறப்பு. இவையன்றி, 2013-இல் தோன்றிய ஹோம் அஸிஸ்டண்ட் என்னும் இலவச மென்பொருளைச் சிறு கம்ப்யூட்டரொன்றில் ஏற்றி வீட்டு நிர்வாகத்தைத் தாமே நடத்துவோரும் பலர். பௌதிகமும் கணினியும் பயிலும் நம் மாணாக்கர்க்கு இதனினும் நல்ல விடுமுறை வேலை வேறு யாது? ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். அமெரிக்காவிலுள்ள அண்ணன் அன்போடு கொணரும் இஸட்-வேவ் ஸ்விட்சு இங்குப் பயன்படாது. அதன் அலைவரிசை வேறு, நம் நாட்டுக்கு வகுத்தது வேறு. அந்நாட்டு வீட்டு மின்சாரமோ 120 வோல்ட்டு, நமதோ 230 வோல்ட்டு.

விற்பனையாளர் சொல்வதை அப்படியே நம்பாது சோதித்தறிய ஓர் எளிய வழியுண்டு. வைஃபைப் பெட்டியை அணைக்காமல், அதற்கு வரும் இண்டர்நெட்டுக் கம்பியை மட்டும் பிடுங்கிவிட்டு, கைப்பேசியின் மொபைல் டேட்டாவையும் நிறுத்திவிட்டு, ஸ்விட்சைக் கைப்பேசியால் இயக்கிக் காட்டும்படி கடைக்காரரைக் கேட்க வேண்டும். விளக்கு எரியுமாயின் வாங்கலாம்.

இனி, விரலை மறந்த கருவிகளைப்பற்றி ஒருவார்த்தை. ஸ்மார்ட் பல்பை வாங்கிப் பழைய ஸ்விட்சின்கீழ் மாட்டுவோர் உளர். வீட்டுப் பாட்டியார் வழக்கப்படி சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டு உறங்கச் சென்றால், அப்பல்பின் சாதுரியமெல்லாம் அவரோடு உறங்கச் சென்றுவிடும். குற்றம் பாட்டியாருடையதன்று. ஆதலின் பல்பைக் காட்டிலும் ஸ்விட்சே சாதுரியமுடையதாயிருத்தல் நலம்; அதுவும் வந்த விருந்தாளி எவரிடமும் கேளாமல் அழுத்தத்தக்கதாயிருத்தல் வேண்டும். மின்சாரம் தடைப்பட்டு மீண்டு வரும்போது ஸ்விட்சு எந்நிலையில் நிற்குமென்பதையும் முன்னரே அறிக. ஆளில்லாத பகலில் தானே எரியத் தொடங்கும் கீஸரை எவரும் விரும்பார்.

கீஸரென்றவுடன் சாக்கெட்டின் நினைவு வருகின்றது. 2,000 வாட் கீஸர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். அதனை 6 ஆம்பியர் சாக்கெட்டில் மாட்டுவது தீயை வாடகைக்கு வைப்பதாகும்; 10 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக்கிலும் மாட்டலாகாதென்பதே நம் கருத்து, விளிம்பிலே நெடுநேரம் ஓடும் கருவி சூடேறுமாகலின். 16 ஆம்பியரே தகும். சாக்கெட்டுக்கு ஐ.எஸ். 1293 என்னும் இந்தியத் தரத்தின் முத்திரையைத் தேடிப் பார்க்க. விளக்கை மங்கச்செய்யும் ஸ்விட்சை மின்விசிறிக்குப் பூட்டலாகாது. விசிறிக்கெனவே செய்த ரெகுலேட்டர் தனியே உண்டு.

எல்லாவற்றினும் பெரிய இடையூறு நியூட்ரல் கம்பியால் வருவது. நம் நாட்டு வீடுகளில், சாக்கெட்டும் சேர்ந்திருக்கும் பலகையில் நியூட்ரல் இருக்கும். ஸ்விட்சு மட்டுமே உள்ள பெட்டிக்கோ, பல வீடுகளில், பேஸ் கம்பியும் விளக்குக்குச் செல்லும் கம்பியுமே வரும். ஸ்மார்ட் ஸ்விட்சோ, விளக்கு அணைந்திருக்கும்போதும் கட்டளைக்காக விழித்திருப்பது. அவ்விழிப்புக்குச் சிறிது மின்சாரமும், அது திரும்பிச்செல்ல நியூட்ரலும் தேவை. நியூட்ரலின்றி இயங்குவன எனப்படுபவை அம்மின்சாரத்தை விளக்கின் வழியே செலுத்துவதால், சிறிய எல்.ஈ.டி. பல்பு அணைத்தபின்னும் மங்கலாக ஒளிர்வதும் கண்சிமிட்டுவதும் உண்டு. பழைய வீட்டில் இதற்காகச் சுவரை உடைப்பது பெருஞ்செலவு. புதுவீடு கட்டுவோர் பூச்சு வேலை தொடங்குமுன்னரே எலக்ட்ரீஷியனை அழைத்து, மாடிப்படி ஸ்விட்சு உட்பட ஒவ்வொரு பெட்டிக்கும் நியூட்ரல் இழுக்கச் சொல்லி, பெட்டிகளையும் சற்று ஆழமானவையாகவே பதிக்கச் செய்வார்களாக. ஸ்மார்ட் ஸ்விட்சுகளை எப்போது வாங்குவதென்பதைப் பின்னர் நிதானமாக யோசிக்கலாம்.