சைக்கிள் கொடுத்தோம், சாலை?

ஒவ்வோர் ஆண்டும் பதினோராம் வகுப்பில் படிக்கும் லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு அரசு விலையில்லா மிதிவண்டி கொடுக்கிறது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய திட்டம், சில ஆண்டுகளிலேயே அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்கள் எல்லோருக்கும் விரிந்தது. அடுத்த ஊரில் மேல்நிலைப் பள்ளி இருந்தும் நேரத்துக்குப் பேருந்து இல்லாததால் பத்தாம் வகுப்போடு நின்றுவிடக்கூடிய பெண்களுக்கு அந்த வண்டி என்ன செய்தது என்பதைக் கிராமங்களில் கண்ணாலேயே பார்க்கலாம். சென்னையில் அதே வண்டி ஒரு நிபந்தனையோடுதான் வீட்டுக்கு வருகிறது: "தெருவுக்குள்ளேயே ஓட்டு, மெயின் ரோட்டுப் பக்கம் போகாதே." வியாசர்பாடியிலோ வேளச்சேரியிலோ இருக்கும் ஒரு தாய் அப்படிச் சொன்னால் அதில் பிழை காண முடியாது. பிள்ளைக்கு ஓட்டத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அவர் நம்பாதது சாலையை.

1970இல் சென்னைவாசிகளின் பயணங்களில் ஐந்தில் ஒன்று சைக்கிளில் நடந்தது. 2008ஆம் ஆண்டின் போக்குவரத்து ஆய்வில் அது ஆறு சதவீதமாகச் சுருங்கியிருந்தது. வருமானம் கூடியது, மக்கள் பைக்குக்கு மாறினார்கள் என்று இதற்குக் காரணம் சொல்வது வழக்கம். அது பாதி உண்மை. சைக்கிளில் போக விரும்புகிறவரும் போக முடியாதபடி சாலைகளை நாம் மாற்றினோம் என்பது மீதிப் பாதி. சந்திப்புகள் மேம்பாலமாயின, ஓரங்கள் கார் நிறுத்துமிடமாயின, சிக்னலில் இடப்பக்கம் நிற்காமல் திரும்ப 'ஃப்ரீ லெஃப்ட்' வந்தது. மோட்டார் வாகனம் எங்கும் வேகம் குறைக்காமல் போக வேண்டும் என்பதே ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணமாக இருந்தது. அந்த வேகத்தின் விலையை யார் கொடுப்பது என்று யாரும் கேட்கவில்லை.

கொடுப்பவர்கள் இன்னும் சாலையில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஹெல்மெட்டும் கியர் சைக்கிளுமாகப் போகிறவர்களை நகரம் கவனிக்கிறது. விடியுமுன் பேப்பர் போடும் பையன், கேரியரில் டீ கேன் கட்டிக்கொண்டு கடை கடையாகப் போகிறவர், இரவுக் காவல் முடித்துத் திரும்பும் முதியவர், கட்டட வேலைக்குப் போகும் வடமாநிலத் தொழிலாளி ஆகியோரைக் கவனிப்பதில்லை. இவர்களுக்கு சைக்கிள் பொழுதுபோக்கும் இல்லை, உடற்பயிற்சியும் இல்லை. பேருந்துக் கட்டணத்தில் மிச்சம் பிடித்தால்தான் மாதம் ஓடும் என்பவர்கள் பலர். 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 4,800 பேர் சைக்கிளில் போனவர்கள். சைக்கிளால் பிறர் உயிர் போவது மிக அரிது. பிறருக்கு இத்தனை குறைந்த ஆபத்தைத் தரும் வாகனத்தில் போகிறவர் இத்தனை பெரிய ஆபத்தைச் சுமப்பது அநியாயம் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பாதுகாப்பு என்றதும் அவருக்கு மூன்று அறிவுரைகள் கிடைக்கும். ஹெல்மெட் போடு, ஒளி பட்டால் மின்னும் சட்டை போடு, ஓரமாகப் போ. முதல் இரண்டும் நல்லவைதான். மூன்றாவதைத்தான் திருத்தியாக வேண்டும்.

நம் சாலையின் ஓரம் எப்படி இருக்கிறது என்று அதில் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மணல் படிந்திருக்கும். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலுக்கு மேல் போட்டதால் பாதாளச் சாக்கடை மூடிகள் குழிக்குள் கிடக்கும். மழைநீர் வடிகாலின் கம்பித் தட்டி சாலையின் நீளவாக்கில் பதிக்கப்பட்டிருந்தால் மெல்லிய சக்கரம் அதில் இறங்கிவிடும். போதாததற்கு, யூ-டர்ன் வரை போகச் சோம்பல்பட்டு ராங் சைடில் வரும் பைக்கும் அந்த ஓரத்தில்தான் வரும். ஓரத்தை ஒட்டியே போகிறவர் இவை ஒவ்வொன்றுக்கும் சட்டென்று வலப்பக்கம் ஒடிக்க வேண்டியிருக்கிறது. பின்னால் வரும் ஓட்டுநர் அதை எதிர்பார்ப்பதில்லை. ஒடிக்கும் அந்தக் கணத்தில்தான் ஆபத்து இருக்கிறது. ஓரத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, வளையாமல் நேர்கோட்டில் போகிறவரைப் பின்னால் வருபவர் தூரத்திலேயே கணித்துவிடுவார்.

2022 ஜனவரியில் பிரிட்டன் தன் சாலை விதித் தொகுப்பைத் திருத்தியபோது இதை எழுத்திலேயே வைத்தது. சந்தடி குறைந்த தெருக்களிலும், சந்திப்பை நெருங்கும்போதும், சாலை குறுகும் இடங்களிலும் சைக்கிள் ஓட்டி தன் தடத்தின் நடுவில் செல்லலாம். மற்ற இடங்களில் ஓரத்தைவிட்டு அரை மீட்டராவது விலக வேண்டும். முந்துகிற கார் ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும். அண்ணா சாலையில் இதை அப்படியே செய்யச் சொல்ல முடியாது. ஆனால் மெட்ரோ பணிக்காகத் தகரத் தடுப்பு வைத்து ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய இடத்தில், கார் நெருக்கி முந்த இடம் தராமல் தடத்தின் நடுவில் போவது திமிர் ஆகாது. அந்தச் சில மீட்டர் தூரத்துக்கு அதுவே பாதுகாப்பு.

ஓட்டிப் பழகியவர்களிடம் இன்னும் சில நுணுக்கங்கள் உண்டு. நிறுத்தியிருக்கும் காரைத் தாண்டும்போது அதன் கதவு முழுதாகத் திறந்தாலும் படாத தூரம் விடுவார்கள். சிக்னலில் லாரிக்கோ பேருந்துக்கோ இடப்பக்கம் நுழைந்து நிற்க மாட்டார்கள். நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்கார்ந்திருப்பதால் இடப்பக்கம் ஒட்டி நிற்பவர் அவர் கண்ணுக்குப் படுவதே இல்லை, லாரி இடப்பக்கம் திரும்பினால் பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட உள்வாங்கி வரும். பெரிய சந்திப்பில் வலப்பக்கம் திரும்ப நடுத்தடத்துக்குப் போய்ப் போராடாமல், நேராகக் கடந்து, எதிர்மூலையில் நின்று, அந்தப் பக்கத்துச் சிக்னல் விழுந்ததும் நேராகப் போய்விடுவார்கள். கையை நீட்டுவதற்கு முன் தலையைத் திருப்பிப் பார்ப்பார்கள். பின்னால் வருபவரின் கண்ணை ஒரு நொடி சந்தித்துவிட்டால் ஹாரன் சத்தம் குறைவதை அவர்கள் அறிவார்கள். இரவில் பின்பக்கச் சிவப்பு விளக்கு இல்லாமல் கிளம்ப மாட்டார்கள். டைனமோ காலம் போய், குறைந்த விலையில் எல்.இ.டி. விளக்கு கிடைக்கும் இந்நாளில் ஒவ்வொரு விலையில்லா வண்டியோடும் அதைப் பொருத்திக் கொடுத்தால் என்ன?

இவையெல்லாம் கற்றுத்தரக்கூடியவை. பள்ளி மைதானத்தில் சில வகுப்புகள் போதும். பிறகு ஆசிரியரோடு தெருவில் சில நாட்கள். தைரியம் கூட்டாக வளரும் என்பதற்கு நம்மிடமே முன்னுதாரணம் உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். கல் உடைக்கும் பெண்களும் விவசாயக் கூலிகளும் ஊர் பார்க்க, கேலியைத் தாண்டி ஓட்டினார்கள். ஒருத்தி ஓட்டினால் வேடிக்கையாகவும் நூறு பேர் ஓட்டினால் வழக்கமாகவும் ஆகிவிடுகிறது. சாலைப் பாதுகாப்பிலும் இந்தக் கணக்கு உண்மையாகிறது. சைக்கிள் ஓட்டுகிறவர்கள் பெருகும்போது ஒவ்வொருவருக்கும் உள்ள ஆபத்து குறைகிறது என்று ஆய்வாளர் பீட்டர் ஜேகப்சன் 2003இல் பல நகரங்கள், நாடுகளின் தரவுகளைக் கொண்டு காட்டினார்.

ஆனாலும் பயிற்சிக்கு ஓர் எல்லை இருக்கிறது. மேலே சொன்ன விழிப்போடு ஒரு முப்பது வயதுக்காரர் ஓட்டிவிடலாம். பன்னிரண்டு வயதுச் சிறுமியிடமும், இரவெல்லாம் கண்விழித்துத் திரும்பும் காவலாளியிடமும் அதை எதிர்பார்க்கக் கூடாது. அவர்கள் ஒரு கணம் தடுமாறினாலும் உயிரோடு வீடு சேரும்படி சாலை இருக்க வேண்டும். அதைத் தீர்மானிப்பது வேகம்.

கணக்கு எளியது. மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் கார், ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக் மிதித்து நிற்பதற்குள் சுமார் 13 மீட்டர் ஓடும். 50 கிலோமீட்டரில் அது 28 மீட்டர். முன்னது நிற்கும் இடத்தில் பின்னது இன்னும் பிரேக்கே பிடித்திருக்காது. சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிரிழப்பு விபத்தின் வாய்ப்பு நான்கு சதவீதம் கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாரிஸ் 2021 ஆகஸ்டில் பெரும்பாலான தெருக்களுக்கு 30 கிலோமீட்டர் வரம்பு வைத்தது இதனால்தான். சென்னையிலும் 2023 நவம்பரில் குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வாகனங்களுக்கும் 30 என்று போக்குவரத்துக் காவல் துறை வரம்பு வகுத்தது. நல்ல முடிவு. ஆனால் அகலமும் நேரும் வழவழப்புமான ஒரு தெருவில் பலகை மட்டும் வைத்தால் யாரும் மெதுவாகப் போவதில்லை. நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திய குறுக்குப் பாதை, முனைகளில் சாலையைக் குறுக்குதல் ஆகியவை சேர்ந்தால்தான் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும்.

தனிப் பாதை போட்டால் எல்லாம் சரியாகும் என்று நினைப்பவர்களுக்கு பேருந்துகளுக்கெனத் தனித்தடம் ஒதுக்கிய டெல்லியின் பி.ஆர்.டி. வழித்தடத்தை நினைவூட்ட வேண்டும். 2008இல் அங்கே சைக்கிளுக்குத் தனித்தடம் வந்தது. நெரிசல் நேரத்தில் பைக்குகள் அதில் ஏறிக்கொண்டன. 2016இல் அந்த வழித்தடத்தையே பிரித்தெடுக்கத் தொடங்கினார்கள். நெதர்லாந்தில் இந்த அளவுக்கு இல்லாத சிக்கல் இது. அங்கே 1971இல் 3,300 பேர் சாலையில் இறந்து, அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகளாக இருந்தபோது, பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடிப் பாதைகளைப் பெற்றார்கள். அவர்களுக்குக் கார்தான் எதிரில் நின்றது. நமக்கு இருசக்கர வாகனமும் நிற்கிறது. பைக்கைத் தடுக்கும் கட்டை, மீன் விற்கும் மூன்று சக்கர சைக்கிளையும் தடுத்துவிடும். ஆகவே உள்தெருக்களில் வேகக் குறைப்பே முதல் வழி என்பது என் கருத்து. வேகத்தைக் குறைக்க முடியாத ஜி.எஸ்.டி. சாலை, பூந்தமல்லி நெடுஞ்சாலை போன்றவற்றில் மட்டும் உயர்த்திக் கட்டிய தனிப் பாதை வேண்டும், கூடவே அதைக் காக்க ஆளும் வேண்டும்.

வெயில் ஒரு தடை என்பது மெய்தான். அதற்காகச் சைக்கிளைக் கைவிட வேண்டியதில்லை. தூங்குமூஞ்சி மர நிழலில் ஏப்ரல் மாதத்திலும் ஓட்டலாம். மரத்தை வெட்டிச் சாலையை அகலப்படுத்தும்போது நாம் இழப்பது அந்தப் பயணத்தைத்தான்.

கொள்கை இல்லாமல் இல்லை. 2014இலேயே சென்னை மாநகராட்சி மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கென்று தனிக் கொள்கை வகுத்தது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் செலவிட வேண்டும் என்றது. பாண்டி பஜாரில் 2019இல் அகன்ற நடைபாதை திறந்தபோது அந்தக் கொள்கை என்ன செய்யும் என்பதை நகரம் பார்த்தது. அதை ராயபுரத்துக்கும் பெரம்பூருக்கும் கொண்டுபோக வேண்டும். அந்த 60 சதவீதம் ஆண்டுதோறும் எங்கே போகிறது என்பதை மாநகராட்சி மன்றத்தில் உறுப்பினர்கள் கேட்க வேண்டும். சைக்கிள் ஓட்டிகள் எந்தச் சந்திப்பில், எந்த நேரத்தில், எந்த வாகனம் மோதி இறந்தார்கள் என்பதைக் காவல் துறை தெருவாரியாக வெளியிட வேண்டும். பள்ளிகளைச் சுற்றிய ஒரு கிலோமீட்டரில் வேலையைத் தொடங்க அந்தப் பட்டியல் உதவும். பெரிய பணிகளுக்கு நிதி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாதவையும் உண்டு. அடுத்த சாலை டெண்டரில், பழைய தாரைச் சுரண்டிய பிறகே புதிது போட வேண்டும், மூடிகள் சாலை மட்டத்தில் இருக்க வேண்டும், வடிகால் தட்டியின் கம்பிகள் குறுக்குவாட்டில் இருக்க வேண்டும் என்று எழுதி, அதைச் சரிபார்த்த பிறகே ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுக்கலாம்.