பூவாறு சாலையில் கைகாட்டும் தமிழ்

கோடை விடுமுறை தொடங்கியதும் நம் கைப்பேசிகளுக்கு ஒரு பட்டியல் வந்து சேரும். முன்பின் அறியாதவரை நம்பாதீர்கள்; விலை பேசாமல் வண்டியில் ஏறாதீர்கள்; நகைகளை வீட்டில் வைத்துவிட்டுப் புறப்படுங்கள். எழுதியவர் பெயர் இராது. அடியில் ‘பத்துப் பேருக்கு அனுப்புக’ என்றிருக்கும். இவ்வாண்டும் வந்தது. எங்கள் குடும்பக் குழுவில் அதனை அனுப்பியவர் தென்காசியில் வாழும் என் சித்தப்பா. சென்ற ஆண்டு பூவாற்றில் ஏமாந்து திரும்பியவரும் அவரே. அப்போதும் இதே பட்டியலைப் படித்துவிட்டுத்தான் புறப்பட்டிருந்தார்.

எட்டுப் பேராக வந்தார்கள். கன்னியாகுமரியையும் பத்மநாபபுரம் அரண்மனையையும் பார்த்துவிட்டு, இரவு பாறசாலைக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டில் தங்கி, மறுநாள் காலையில் பூவாற்றுக்குப் புறப்பட்டார்கள். ‘நானும் வருகிறேன்’ என்று நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. ஆய்வேட்டின் ஓர் இயலை அன்று முடித்தாக வேண்டியிருந்தது. படகுத்துறைக்குச் சற்று முன்னரே சாலை நடுவில் ஒருவர் நின்று கை காட்டியிருக்கிறார். நீலச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. “அண்ணாச்சி, போட்டிங்கா? வண்டிய இங்கன விடுங்க. முன்னால உள்ள துறை இன்னைக்கு அடைப்பு.” தமிழைக் கேட்டதும் சித்தப்பா ஊர் விசாரித்திருக்கிறார். அம்மாவுக்குச் செங்கோட்டைப் பக்கம் என்று விடை வந்திருக்கிறது. அப்புறம் என்ன? ஆறாயிரம் ரூபாய் ‘நம்ம ஆளுக்காக’ மூவாயிரத்து ஐந்நூறாக இறங்கியது. ஒன்றரை மணிநேரம் என்று பேசிய பயணம் ஐம்பது நிமிடத்தில் முடிந்தது. அதிலும் ஒரு பகுதி, கேட்காமலே கொண்டுபோய் நிறுத்திய மிதவை உணவகத்தில் கழிந்தது. பணம் ஒரு தனிமனிதரின் கணக்குக்குப் போயிற்று. சீட்டு எதுவும் தரப்படவில்லை. அடைப்பு என்று சொல்லப்பட்ட துறையில் அன்று மாலை நானே போய் விசாரித்தேன். துறை திறந்துதான் இருந்தது. அதே அளவுப் படகுக்கு அதே நேரத்துக்குப் பாதிக்கும் குறைவாகச் சொன்னார்கள்.

பணம் போனது சித்தப்பாவுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. “நம்ம பாசையிலதாம்ல பேசுனான்” என்று மட்டும் இரண்டு முறை சொன்னார்.

இந்த ஒற்றைத் தொடருக்காகவே இதனை எழுதுகிறேன். எல்லை ஊர்களின் இருமொழிப் பேச்சே என் ஆய்வுப்பொருள். பாறசாலை, உச்சக்கடை, காரக்கோணம், நெய்யாற்றின்கரை என்று ஒலிப்பதிவுக் கருவியோடு தேநீர்க் கடைகளில் உட்கார்ந்து, ஒருவர் எந்தச் சொல்லில் தமிழை விட்டு மலையாளத்துக்குத் தாவுகிறார், எங்கே திரும்பி வருகிறார் என்று குறித்துக்கொண்டிருப்பவன் நான். வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் சந்தையில் இரண்டும் பேசி வளர்ந்த எங்களுக்கு இந்த இருநாவு ஒரு செல்வம் என்று கருத்தரங்குகளில் பேசியும் இருக்கிறேன். அச்செல்வத்துக்குச் சாலையோரத்தில் ஒரு சந்தை விலை உண்டு என்பதைச் சித்தப்பா எனக்குக் கற்பித்தார். வண்டியின் பதிவு எண் பலகையைப் பார்த்த நொடியில் மொழி முடிவாகிவிடுகிறது. தமிழ்நாட்டு எண் என்றால் ‘அண்ணாச்சி’, கேரள எண் என்றால் ‘சேட்டா’, வடக்கத்திய எண் என்றால் ‘பாய் சாப்’.

அறியாதவரை நம்பாதே என்னும் அறிவுரை தோற்பது இவ்விடத்தில்தான். அறியாதவராகத் தோன்றாமலிருப்பதே தரகரின் தொழில். அயலூரில் தாய்மொழி காதில் விழுந்தால் மனம் இளகுவது பேதைமை ஆகாது. அவ்வாறு இளகாதவரை எங்கள் ஊரில் மனிதராகவே மதிப்பதில்லை. அந்த இளக்கத்தைத் தூண்டிலாக்கிவிட்டு, கடித்த மீனைப் பார்த்து ‘எச்சரிக்கையாக இருந்திருக்கலாமே’ என்று பட்டியல் போடுகிறோம்.

குற்றம் முழுவதையும் சாலையில் நிற்கும் இளைஞன் தலையில் ஏற்றுவதும் எனக்கு உடன்பாடில்லை. காலை முதல் வெயிலில் நின்று, ஓடும் வண்டிகளின் முன்னே பாய்ந்து அவன் பெறுவது தரகுக்கூலி மட்டும். படகு அவனுடையதன்று, துறையும் அவனுடையதன்று. கொண்டுவந்து விட்டவனுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை பயணியின் கட்டணத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. வாடகை வண்டி ஓட்டுநருக்கும் அதில் பங்கு போவதுண்டு. அந்த ஓட்டுநர் நாகர்கோவிலிலிருந்தோ கன்னியாகுமரியிலிருந்தோ பயணியை ஏற்றிவந்த தமிழ்நாட்டவராகவும் இருக்கலாம். ஆகவே, ‘கேரளத்தான் ஏமாற்றிவிட்டான்’ என்று எழுதும் தமிழ்நாட்டு நண்பர்கள் சற்றே பொறுக்கவும். களியக்காவிளைக்கு இப்பாலும் அப்பாலும் கை நீண்டு நிற்கும் ஒரே சங்கிலி இது. விலைப்பலகை இல்லாத துறையில் விலை என்பது படகின் செலவைப் பொறுத்ததாக இராது. வந்தவரின் முகத்தையும் வண்டியையும் குழந்தைகளின் ஆவலையும் பார்த்து எழுதப்படும் தொகையாகவே இருக்கும்.

‘இன்று அடைப்பு’ என்னும் பொய்யைப் பற்றித் தனியே ஒன்று சொல்ல வேண்டும். தெற்காசியச் சுற்றுலா நகரங்களில் இதனினும் தேய்ந்த பொய் வேறில்லை. புது தில்லி தொடர்வண்டி நிலைய வாயிலில், வெளிநாட்டவருக்கான முன்பதிவு அலுவலகம் மூடப்பட்டுவிட்டது என்று சொல்லித் தனியார் பயண முகமைக்கு அழைத்துப்போவார்கள். நிலையத்தின் முதல் மாடியில் அந்த அலுவலகம் இயங்கிக்கொண்டிருக்கும். கொழும்பு காலிமுகத் திடலில் இப்பொய் வேறு வேடம் பூணும்: கங்காராம விகாரையில் யானைத் திருவிழா, இன்று ஒருநாள் மட்டும், உடனே முச்சக்கர வண்டியில் ஏறுங்கள் என்பார்கள். ஆக்ராவில் இத்தரகர்களுக்கு ‘லப்கா’ என்று ஒரு பெயரே நிலைத்துவிட்டது. எங்கள் பக்கத்தில் இப்பொய் எளிதாக எடுபடுவதற்கு ஒரு காரணமுண்டு. பத்மநாபபுரம் அரண்மனை திங்கட்கிழமைகளில் மெய்யாகவே அடைப்பு. திருவனந்தபுரம் அருங்காட்சியகமும் அப்படியே. முதல்நாள் ஒரு மெய்யான அடைப்பைக் கண்டு திரும்பியவர் மறுநாள் பொய்யான அடைப்பை ஐயமின்றி ஏற்கிறார்.

மூவாயிரம் ரூபாய்க்கு இவ்வளவு பேச்சா என்று கேட்போர் உண்டு. பணத்தோடு போனால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். அகத்தியமலையில் பிறந்த நெய்யாறு பூவாற்றில் கடலோடு சேர்கிறது. ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே மணல்திட்டு. அதனை நாங்கள் பொழி என்போம். திட்டு ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை. உடைந்தும் கூடியும் இடம் மாறும். அந்த நீரில் ஏற்றும்போது, எத்தனை பேருக்கான படகு, உயிர்காப்பு அங்கி குழந்தையின் அளவில் உண்டா என்பவற்றைச் சாலையில் கைகாட்டியவர் சொல்வதில்லை. அவர் கணக்கில் தலை எண்ணிக்கை என்பது கூலி எண்ணிக்கை. தட்டேக்காட்டில் 2007 பிப்ரவரி 20 அன்று 18 பேர் மூழ்கினர். அவர்களில் 15 பேர் பள்ளிப்பிள்ளைகள். தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று 45 பேர். தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் அவர்களில் உண்டு. தானூரில் 2023 மே 7 அன்று 22 பேர். அங்கே கவிழ்ந்தது மீன்பிடிப் படகை மாற்றியமைத்துச் செய்த கலம். அளவுக்கு மிஞ்சி ஆளேற்றி அந்தி நேரத்தில் ஓட்டினார்கள். தேக்கடியில் கவிழ்ந்தது அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துப் படகு என்பதால், அரசுப் படகானால் அச்சமில்லை என்று எழுதவும் எனக்கு வாய் வரவில்லை. உள்நாட்டு நீர்வழிக் கலங்களுக்கு 2021இல் நாடு முழுமைக்குமான சட்டம் வந்துவிட்டது. பதிவு, தகுதிச் சோதனை, காப்பீடு யாவும் அதில் உள்ளன. சாலையில் நிற்பவரோ அதனைச் சொல்லவும் மாட்டார். ஏறுபவர் கேட்கவும் விடமாட்டார். ‘சீக்கிரம், அலை ஏறுது’ என்று அவசரப்படுத்துவார்.

சரி, ஏமாந்தவர் எங்கே போய் முறையிடுவது? ஒன்றிய அரசின் சுற்றுலா அமைச்சகத்துக்கு 1363 என்னும் இலவச உதவி எண் உண்டு. இரவு பகல் இயங்குவது. 2016இல் அது தொடங்கப்பட்டபோது 12 மொழிகளில் விடை கிடைக்கும் என்று அறிவித்தார்கள். இந்தி, ஆங்கிலம், அரபு, பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியம், ஜப்பானியம், கொரியம், சீனம், போர்த்துகீசியம், உருசியம், ஸ்பானியம். எண்ணிப் பாருங்கள், பன்னிரண்டு. தமிழ் இல்லை, மலையாளமும் இல்லை. கொரியாவிலிருந்து வருபவருக்கு ஒரு குரல் காத்திருக்கிறது. கோவில்பட்டியிலிருந்து வருபவர் ஏமாறுவது தமிழில். முறையிடுவது இந்தியிலோ ஆங்கிலத்திலோ. தரகருக்குத் தெரிந்த மொழியறிவு அமைச்சகத்துக்கு இல்லை என்று சொன்னால் அது மிகையாகுமா?

பட்டியல் போடுவோரைப் பழித்துவிட்டு நானும் சில சொல்லாமல் முடிக்க இயலாது. வருகிறவர்கள் சாலையில் கைகாட்டும் எவருக்காகவும் வண்டியை நிறுத்த வேண்டா. துறைவரை போய்விடுங்கள், அடைப்பென்றால் அடைப்பைக் கண்ணால் பாருங்கள். இரண்டு துறைகளிலாவது கேளுங்கள். கேட்கும்போது, சொல்லும் தொகை படகுக்கா ஆளுக்கா, எத்தனை நிமிடம், எதுவரை, நடுவில் உணவகத்தில் நிறுத்துவீர்களா என்று நான்கையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். யானைப்பாறை, சதுப்புநிலக் காடு, பொன்மணல் கடற்கரை என்று பெயர்களை அடுக்கித் தனித்தனி விலை சொல்வார்கள். பேர் நீண்டால் விலை நீளும், ஆறு ஒன்றுதான். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். அங்கி அணியாமல் குழந்தையை ஏற்றாதீர்கள். பொழியருகே கடலில் இறங்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாகச் சீட்டு வாங்குங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஏமாற்றப்பட்டவர் தாம் வாழும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். தென்காசிக்காரர் நெய்யாற்றின்கரைக்கு அலைய வேண்டியதில்லை. சீட்டு இல்லாவிட்டால் வழக்கு நொண்டும். அதனால்தான் சீட்டுத் தர அவர்களுக்குக் கை வருவதில்லை. சீட்டே கிடைக்காத நிலையில் கைப்பேசி வழிப் பணம் செலுத்திய பதிவையாவது அழிக்காமல் வைத்திருங்கள். சித்தப்பா ஆத்திரத்தில் அழித்துவிட்டார்.

இனி எங்கள் ஊர்க்காரர்களோடு. ‘பிழைப்பைக் கெடுக்காதே, நாலு பேர் வந்தால்தானே ஊர் வாழும்’ என்று இதற்குள் சிலர் எனக்கு எழுதியாயிற்று. எவர் பிழைப்பு? தரகு ஏறிய விலையைக் கொடுத்துவிட்டுப் போனவர் மறுமுறை வருவதில்லை. வீட்டில் பத்துப் பேரையும் வரவிடுவதில்லை. துறையில் பலகை வைத்து, அதில் எழுதிய விலைக்கு ஓட்டும் படகுக்காரர் இருந்தால் முதலில் நட்டப்படுபவர் அவரே. கைகாட்ட ஆள் வைக்காத குற்றத்துக்காக அவர் துறைக்கு வண்டிகள் போய்ச் சேருவதில்லை.

இன்னொன்றும் உண்டு. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு தமிழ்ப் பகுதிகளைக் கேட்டபோது நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் தென்பகுதியும் அக்கோரிக்கையில் இருந்தது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூடு நடந்தது, உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்துக்குப் போயிற்று. நாங்கள் இங்கேயே நின்றோம். அதுபற்றி எனக்கு இன்று வருத்தமில்லை. மலையாளம் எனக்கு அயல்மொழியும் இல்லை. ஆனால், எல்லைக்கு இப்பால் தங்கிவிட்ட தமிழ் எங்கள் அப்பாக்களுக்கு வழிபாட்டுக்கும் வாசிப்புக்கும் உரிய மொழியாக இருந்தது. என் தலைமுறையில் அதற்குக் கூலி கிடைக்கும் ஒரே இடம் பூவாறு சாலைதானா? இருமொழி தெரிந்த இளைஞனுக்குச் சீருடையும் மாதச் சம்பளமும் கொடுத்து வழிகாட்டியாக நிறுத்தக்கூடிய அரசு, அவனைத் தரகனாக நிற்கவிட்டு வேடிக்கை பார்க்கிறது. அவனும் அதே சொற்களைத்தான் பேசுவான். “வாங்க அண்ணாச்சி” என்பதில் பொய்யொன்றும் இல்லை. அதற்கு அடுத்த தொடரில்தான் பொய் தொடங்குகிறது.

1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், இம்மாநிலத்துத் தமிழ், கன்னடச் சிறுபான்மையர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தம் மொழியிலேயே எழுதலாம் என்கிறது. சுற்றுலா இயக்குநர் ஒரு துறைத் தலைவர். அவருக்குத் தமிழில் ஒரு மனு எழுதியிருக்கிறேன். பூவாற்றின் ஒவ்வொரு துறையிலும் கட்டணம், நேரம், படகு கொள்ளும் ஆள் எண்ணிக்கை மூன்றையும் மலையாளத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய பலகை வேண்டும். சீட்டில்லாப் பயணத்தைத் தண்டிக்க வேண்டும். சாலையில் நிற்கும் இளைஞர்களுக்குப் பயிற்சியும் வழிகாட்டி உரிமமும் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் வாழ்வோர் கையெழுத்து முதலில் வேண்டும். வரைவைப் படிக்க விரும்புவோர் உள்பெட்டியில் எழுதுங்கள். வரும் ஞாயிறு காலை பாறசாலைத் தொடர்வண்டி நிலையத்தின் முன்னுள்ள தேநீர்க் கடையில் தாளோடு இருப்பேன். சித்தப்பாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். தென்காசிக்காரர் கையெழுத்து இதில் செல்லாது என்று இன்னும் அவரிடம் சொல்லவில்லை.